இடது பக்கத்திலிருந்து வந்தவர்கள்

ஜனவரி 5, ஞாயிறு

இந்த நோட்டு ஒரு வழக்கைத் தீர்ப்பதற்காக வாங்கியது. வழக்கு எனக்கும் லிங்கதுரைக்கும். 'ரெட் ஆங்கர்' துப்பாக்கி விளையாட்டின் ஏழு பாகங்களில் எது சிறந்தது? இரண்டாம் பாகம் வந்ததிலிருந்து, பதினெட்டு வருடமாக நடக்கிறது. முதல் பாகத்தைப் பிரௌசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் பாதிப்பாதி உட்கார்ந்து ஆடினோம். இப்போது இரண்டு பேருக்கும் வயது முப்பத்தெட்டு. தூத்துக்குடியில் ஒரே துறைமுகத்தில் வேலை. நான் மேலே கிரேன் கேபினில், அவன் கீழே நின்று எனக்கு ஜாடை காட்டும் சிக்னல்மேன். வழக்கு மட்டும் முடியவில்லை.

ஏப்ரலில் எட்டாம் பாகம் வருகிறது. அதற்குள் பழைய ஏழையும் மறுபடி ஆடி ஒப்பிட்டு எழுதச் சொல்லி எங்கள் வாட்ஸப் குழுவில் நூற்று முப்பது பேர் உத்தரவு போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

ஒப்பிடுவதற்குத் தோதாக இந்த விளையாட்டிலேயே ஒரு வழக்கம் உண்டு. கதை எந்த நாட்டில் நடந்தாலும் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கட்டம் முதல் பாகத்தில் வந்த 'பழைய துறை' என்ற துறைமுகத்துக்கே திரும்பி வரும். அதே கிடங்கு, அதே மூன்று கிரேன்கள், அதே நீளமான பாதை. படம் மட்டும் பாகத்துக்குப் பாகம் தெளிவாகும். ஆகவே பழைய துறையை மட்டும் ஏழிலும் ஆடினால் போதும் என்று முடிவு.

கூடவே சாவு நோட்டையும் மறுபடி வெளியே எடுத்துவிட்டேன். இது லிங்கதுரை ஆரம்பித்தது. திரையில் ஒவ்வொரு முறை சாகும்போதும் குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கோடு போட வேண்டும். இ, வ, பி. இடது, வலது, பின்னால். கல்யாண ஆல்பத்தைவிட இதைத்தான் நான் பத்திரமாக வைத்திருப்பதாக என் மனைவி ரூபிக்கு மனத்தாங்கல்.

ஆடத் தொடங்குமுன் என் தீர்ப்பு: மூன்றாம் பாகம் முதலிடம். ஐந்தாம் பாகம் கடைசி. அதில் மட்டும் ஜோடியாக ஆட வேண்டும். கூட வருகிறவன் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பான். லிங்கதுரைக்கு அதுதான் உசத்தி. அவன் ரசனை அப்படி.

ஜனவரி 9

வருடாந்திர மெடிக்கல். கண் பரிசோதனையில் கடைசி வரி வரை படித்தேன். "கழுகுக் கண்ணு சார் ஒங்களுக்கு" என்று சீட்டில் முத்திரை குத்தினார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

முதல் பாகம், மெருகேற்றிய புதுப் பதிப்பு. முதல் நான்கு பாகங்களையும் தண்ணீர் தெளிவாக, துரு நிஜத் துருவாக மறுபடி செய்து ஒரே கட்டாக விட்டிருக்கிறார்கள்.

இன்று: இ 9, வ 3, பி 2.
2006-ல்: இ 4, வ 5, பி 9.

பின்னால் வருகிறவனிடம் இப்போது ஏமாறுவதில்லை. அனுபவம். இடது பக்கத்தில்தான் கொஞ்சம் அசட்டை.

காலையில் எழுந்தால் தலைவலி. தலையணையை மாற்ற வேண்டும்.

ஜனவரி 20

லிங்கதுரையின் அக்காள் மகள் கல்யாணம். நல்ல கூட்டம். சாப்பாட்டில் சாம்பார் பிரமாதம். ஆனால் இலையில் உப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, இனிப்பும் வைக்கவில்லை. பந்தி விசாரித்து வந்த லிங்கதுரையிடம் விளையாட்டாகத்தான் கேட்டேன், "ஏல, கல்யாண வீட்டுல ஒரு லட்டுக்குக் கூடவா பஞ்சம்?" அவன் என் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் சுண்டிப்போனது. அடுத்த பந்திக்குப் போய்விட்டான்.

பைக்கில் வரும்போது ரூபி கேட்டாள்: "ஏன் அவுகள அப்பிடிக் கேட்டிய?"

"இல்லாததத்தான கேட்டேன்."

இந்த ஊரில் கிண்டல் புரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

இரண்டாம் பாகம்: இ 15, வ 2, பி 1.
மூன்றாம் பாகம்: இ 19, வ 2, பி 0.

என் மூன்றாம் பாகத்தைக் கெடுத்துவிட்டார்கள். இடது பக்கத்திலிருந்து எதிரி ஓடி வருவதில்லை, முளைக்கிறான். காலடிச் சத்தம் காதில் விழுகிறது, ஆள் இல்லை, அப்புறம் நான் செத்துக் கிடக்கிறேன். மெருகேற்றியதில் ஏதோ கோளாறு. குழுவில் இரண்டு பக்கத்துக்குக் காரசாரமாக எழுதிப் போட்டேன்.

பதிலாக வந்தவை: பதினேழு சிரிக்கும் முகங்கள். "எனக்கு அப்படி இல்லையே அண்ணா" என்று ஆறு பேர். "வயசாகிட்டு அண்ணா" என்று ஒருவன். லிங்கதுரையிடமிருந்து ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டுக் கோபம் இன்னும் ஆறவில்லை போல.

ஜனவரி 30

குளியலறைக் கதவு நிலையில் இடது தோள் இடித்துக் கன்றிப்போயிற்று. இந்த வாரத்தில் இரண்டாம் முறை. நிலை குறுகல்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பைக்கின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குகிறது. நிறுத்திய இடத்தில் எவனோ இடித்துவிட்டுப் போயிருக்கிறான். ரூபி, "நேத்து கேட்டுக்குள்ள நீங்க வரும்போதே சத்தம் கேட்டுச்சே" என்கிறாள். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை.

நான்காம் பாகம்: இ 22. மற்றதை எழுதவில்லை.

பிப்ரவரி 6

சாப்பிடக்கூட உட்காராமல் எழுதுகிறேன்.

காலை ஷிப்ட். பதினோரு மணி சுமாருக்கு ஒரு கன்டெய்னர் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்து டிரைலர் மேல் இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே லிங்கதுரை. எங்களுக்குள் வாக்கி டாக்கி கிடையாது. அதாவது இருக்கிறது, என்னுடையது கேபினில் பையிலும் அவனுடையது இடுப்புப் பெல்ட்டிலும் கிடக்கும். மற்ற கிரேன்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது நாங்கள் கை ஜாடையிலேயே முடித்துவிடுவோம். ரெட் ஆங்கரில் சிப்பாய்கள் ஜாடை காட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

டிரைலர் டிரைவர் எதற்கோ கீழே இறங்கியிருக்கிறார். லிங்கதுரை நிறுத்தச் சொல்லி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியிருக்கிறான். நான் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் ஓடிப்போய் டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த பிறகுதான் கீழே ஏதோ நடப்பது எனக்குத் தெரிந்தது. பெட்டிக்கும் அந்த மனிதரின் தலைக்கும் நடுவே நான்கு விரல்கடை இருந்ததாம்.

ஷிப்ட் முடிந்து இறங்கியதும் என்னைக் கிடங்குச் சுவர் ஓரமாகக் கூட்டிப்போனான்.

"ரெண்டு கையையும் ஆட்டுனேன்லா? பாக்கலியா நீ?"

"நீ அங்க இல்லல."

"எப்பவும் நிக்கிற எடத்துலதான நின்னேன்! நாலு நாளாப் பாக்கேன், நான் கையக் காட்டுனா நீ திரும்பக்கூட மாட்டேங்க. எம்மேல கோவம்னா எங்கிட்ட காட்டு மாப்ள. அந்த டிரைவருக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு."

சூப்பர்வைசரிடம் காற்றில் பெட்டி ஆடிவிட்டது என்று சொல்லிவிட்டானாம். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான். நான் நன்றி சொல்லவில்லை. அவன் அங்கே இல்லை. நான் பார்த்தேன். அவன் அங்கே இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன். 2006-ல் வாங்கிய அதே சிடி, அதே முதல் பாகம். மெருகு கிருகு ஒன்றும் ஏறாதது. அந்தக் காலத்து விளையாட்டில் எதிரிகளுக்குப் புத்தி கிடையாது. யார் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயேதான் என்றைக்கும் நிற்பார்கள். பழைய துறையில் முதல் கிரேனைத் தாண்டியதும் இடது பக்கம் மூன்று எண்ணெய் பீப்பாய்கள். மூன்றாவதின் பின்னால் ஒருவன் குந்தியிருப்பான். இதை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

முதல் கிரேனைத் தாண்டினேன். பீப்பாய்கள் இல்லை.

மௌஸை இடது பக்கம் நகர்த்தினேன். ஒன்று வந்தது. இன்னும் நகர்த்தினேன். இரண்டாவது வந்தது. மூன்றாவது வரும்போது திரை சிவப்பாகிவிட்டது.

ஒரு மணி நேரம் ஆடினேன். இ 17, வ 0, பி 0.

இந்த சிடியை யாரும் மாற்றவில்லை. பத்தொன்பது வருடமாகப் பரணில் டப்பாவுக்குள் கிடந்தது. மாறியது அது இல்லை.

பயமாக இருக்கிறது. வெறுமனே எழுதிப் பார்த்தேன், எழுதினால் குறையும் என்று. குறையவில்லை.

பிப்ரவரி 10

மானிட்டர் பழசு. அதனாலும் இருக்கலாம்.

பிப்ரவரி 11

மதியம் ரூபி வரவேற்பறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆடியதைப் பதிவு செய்து டிவியில் போட்டேன். அவள் வாழ்நாளில் இந்த விளையாட்டை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பார்த்தவள் இல்லை.

"யாராவது வந்தா விரல வச்சுக் காட்டு" என்றேன்.

"எதுக்கு?"

"காட்டேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து டிவி அருகில் போய் நின்றாள். "இந்தா ஒருத்தன். இந்தா பீப்பாய்க்குப் பின்னால ஒருத்தன். மாடியில ஒருத்தன் நிக்கான். ஏங்க, இவன் ஒங்களயே பாத்துக்கிட்டு எவ்ளோ நேரமா நிக்கான், சுட மாட்டியளா?"

அவள் விரலும் எனக்குத் தெரியவில்லை. சேலையின் ஒரு ஓரமும் முழங்கையும் தெரிந்தன. முழங்கைக்கு அப்பால் கறுப்பாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பேன். அங்கே எதுவுமே இல்லை, இல்லை என்பதும் தெரியவில்லை.

தலையைத் திருப்பினேன். விரல் வந்தது. விரலுக்குப் பின்னால் அவள் முகம் வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் கல்யாண வீட்டுல லட்டு இருந்துச்சுங்க. இடது பக்கமா, ஊறுகாய்க்குப் பக்கத்துல. அத வச்சே எலய மூடிட்டிய. நீங்க ஏதோ கோவத்துல ஒதுக்குறியன்னு நெனச்சேன்."

பிறகு இந்த நோட்டைக் கொண்டுவந்து திறந்து என் மடியில் வைத்தாள். ஜனவரியில் வரிகள் ஓரத்திலிருந்து தொடங்குகின்றன. போகப் போக வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகின்றன. நேற்று எழுதிய ஒரு வரி பக்கத்தின் நடுவில் இருக்கிறது.

"நோட்டு வீணாவுதேன்னு சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

அதே நாள், மாலை

நாளை மறுநாள் கப்பல் வருகிறது. ரூபி வேண்டவே வேண்டாம் என்கிறாள். அந்த ஒரு கப்பலை முடித்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னேன். கிரேன்காரனுக்குக் கண்ணில் கோளாறு என்று ஒரு சீட்டு வந்தால் அத்தோடு கதை முடிந்தது. பதினான்கு வருடமாக மேலே இருந்தவன் கீழே கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுத வேண்டும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சமாளிக்கலாம். இப்போது தெரிந்துவிட்டதே. தெரிந்து செய்வது வேறு இல்லையா?

அவள் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 13

ஏறினேன்.

ஏணியில் பாதி வழியில் இடது கைக்குக் கம்பி அகப்படவில்லை. பார்த்துப் பிடித்து ஏறினேன். முதல் இருபது பெட்டிகளைக் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தே இறக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இருபத்தொன்றாவது பெட்டி கப்பலணையும் வார்ஃப் மேடைக்கு மேல் அந்தரத்தில் இருந்தபோது லிங்கதுரையைக் காணவில்லை. இடது பக்கம் திரும்பினேன், இல்லை. இன்னும் திரும்பினேன், இல்லை. நேரே பார்த்தேன், வெறும் தரை. பெட்டிக்குக் கீழே இருந்தாலும் தெரியாது. இருபது டன். ஜாய்ஸ்டிக்கை நிறுத்திப் பெட்டியை அப்படியே தொங்கவிட்டேன். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கப் பயந்தேன்.

பைக்குள் கையை விட்டு வாக்கி டாக்கியை எடுத்தேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. நல்லவேளை, சார்ஜ் இருந்தது.

"எங்கல நிக்க?"

கொஞ்ச நேரம் கரகரப்பு. "ஒனக்கு எடப்பக்கம்தான். எப்பவும் நிக்கிற எடம். இவ்ளோ நேரம் ஒனக்குக் கையக் காட்டிக்கிட்டுல்லா இருக்கேன். என்ன மாப்ள?"

"அங்கயே நில்லு. அசையாத. யாரையும் கிட்ட விடாத."

"ஏன், என்னாச்சு?"

"எனக்கு ஒன்னத் தெரியலல. கொஞ்ச நாளாவே தெரியல."

"சரி" என்றான். "இப்ப நான் சொல்லுத மாதிரி செய். வலது ரெண்டடி. நிறுத்து. எறக்கு. மெல்ல. இன்னும். இன்னும் ஒரு முழம். தொட்டுட்டு. அவ்ளோதான், தொட்டுட்டு மாப்ள. எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. நீ எறங்காத, நான் மேல வாரேன்."

மேலே வந்து எனக்கு முன்னால் ஏணியில் இறங்கினான், ஒவ்வொரு படியிலும் என் இடது காலைப் பிடித்துக் கம்பியில் வைத்துக்கொண்டே. தரைக்கு வந்ததும் சூப்பர்வைசரிடம் நானே சொன்னேன். ஆறாம் தேதி நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். காற்று இல்லை சார், நான்தான் என்றேன். லிங்கதுரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிப்ரவரி 18

கண் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கங்கே ஒளிப் பொட்டு வரும், வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். இதற்கென்றே பிறந்தவன் நான். ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொரு பொட்டையும் வந்த வேகத்தில் சுட்டேன். வெளியே வந்து ரூபியிடம், "முழு மார்க்கு" என்றேன். வாரக்கணக்கில் இல்லாத சந்தோஷம்.

டாக்டர் அம்மா தாளைத் திருப்பி வைத்தார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். இரண்டிலும் வலது பாதி வெள்ளை. இடது பாதி, மை கொட்டியதுபோல் கறுப்பு.

"பாதிப் பொட்டு இந்தக் கறுப்புப் பக்கம்தான் வந்துச்சு, நீங்க ஒண்ணக்கூட அமுக்கல" என்றார். "ஒங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண்ணுக்குப் பின்னாலதான் பாக்கணும். எப்பயில இருந்து இப்படி?"

என்னிடம் துல்லியமான பதில் இருந்தது. சாவு நோட்டை எடுத்துக் காட்டினேன். போன தீபாவளிக்கு நானும் லிங்கதுரையும் ஏழாம் பாகம் ஆடினோம். அன்றைக்கு இ 5, வ 6. பொங்கலுக்கு முன்னால் இ 9, வ 3. அப்புறம் 15, 19, 22. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிரிக்கவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 21

ஸ்கேன் வந்துவிட்டது. மூளையில், வலது பக்கம், பின்னால். கட்டி. எலுமிச்சம்பழம் அளவு என்றார்கள். மார்ச் 4 மதுரையில் ஆபரேஷன். எடுத்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று சொல்வார்களாம். போன பார்வை திரும்புமா என்று கேட்டேன். "மிச்சம் இருக்கறதக் காப்பாத்துவோம்" என்றார்கள்.



பிப்ரவரி 25

ரூபி பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டுத் தருகிறாள். சிவப்பு தெரியும் வரை தலையைத் திருப்பு, பிறகு எழுது என்று உத்தரவு. சாப்பாட்டுத் தட்டையும் பாதியில் சுற்றி வைக்கிறாள். சுற்றினால் புதிதாக ஒரு பொரியல் வருகிறது. சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

மார்ச் 2, ஞாயிறு

நாளைக் காலை மதுரைக்குக் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டியாயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்திருக்காமல் போய்விடுவேனோ என்ற பயத்தைவிட, எழுந்து ரூபியைப் பார்த்து அவள் அங்கே இல்லை என்று நினைத்துவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம்.

மூன்று மணிக்கு லிங்கதுரை வந்தான். கையில் ஒரு தூக்குச்சட்டி, இன்னொரு கையில் அவனுடைய கேம் கன்ட்ரோலர். தூக்குச்சட்டியில் லட்டு. என் வலப்பக்கமாகக் கொண்டுவந்து வைத்தான்.

"வழக்கு பாக்கி இருக்கு. அஞ்சாம் பாகம் நீ இன்னும் ஆடல" என்றான்.

"கடைசி எடத்துக்கு அத ஆடிப் பாக்கணுமாக்கும்."

"போடுல."

பழைய துறை. கிடங்கு, மூன்று கிரேன், நீளமான பாதை. அவனுடைய ஆள் என் ஆளுக்கு இடது பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அவன் நிற்பது எனக்குத் தெரியவில்லை. அவன் சொல்லித்தான் தெரியும்.

"எடப்பக்கத்த நான் பாத்துக்கிடுதேன். நீ நேரா நட. திரும்பாத."

நடந்தேன். முதல் கிரேன், இரண்டாம் கிரேன், மூன்றாம் கிரேன். வலது பக்கம் நான்கு பேர் வந்தார்கள், நான்கு பேரையும் நான் சுட்டேன். பாதையின் முடிவில் படகு நின்றது. ஏறிவிட்டோம். இந்தக் கட்டத்தை ஒரு முறைகூடச் சாகாமல் நான் கடந்தது பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

சாவு நோட்டை எடுத்து எழுதினேன்: இ 0, வ 0, பி 0. அதன் கீழே என் தீர்ப்பு: ஐந்தாம் பாகம், முதலிடம். அவன் எட்டிப் பார்த்தான், கெக்கலி கொட்டவில்லை. பதினெட்டு வருடத்து வழக்கில் ஜெயித்தவன் மாதிரியே இல்லை.

"லேசாத்தான இருக்கு இந்தப் பாகம். எடப்பக்கத்துல இருந்து ஒருத்தன்கூட வரலியே" என்றேன்.

லிங்கதுரை கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். அவன் கைகள் வேர்த்திருந்தன.

"பதினோரு பேரு வந்தானுவ மாப்ள" என்றான்.